ஆறு புள்ளி

மஞ்சக்குப்பம் மைதானத்தில்
பத்தொன்பது சீசன் ஸ்கோர் எழுதியவன் நான்.
பந்தைத் தொட்டதில்லை.
பென்சில் சீவுவேன், புள்ளி வைப்பேன்.

சவரிராயன் வீசினால் புள்ளிதான்.
துறைமுகத்தில் மல்லாட்டை மூட்டை எண்ணுகிறவன்.
பஸ்ராவில் வண்டிச் சக்கரம் ஏறிய கணுக்கால்,
அதனால் ஓடிவரும் தூரம் ஏழே எட்டு.
ஏழாவதில் உடம்பு ஒருகணம் யோசிக்கும்,
பிறகு இடது மணிக்கட்டு பூட்டைத் திறக்கும்.
தேவனாம்பட்டினக் காற்றில் சாய்ந்து போகும் பந்து
விழுந்த இடத்தில் மனம் மாறும்.

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போகும், மெய் மிஞ்சும்.
பள்ளியில் படித்ததுதான்.
ஆறாவது பந்து முடிகையில்
கரும்பாலை மானேஜர் மட்டையோடு நிற்பார்,
மெய் மட்டும்.
மெய்டன் என்று எழுதும்போது
எனக்குள் சிரிப்பு வரும்.

விக்கெட் நானூற்றுப் பன்னிரண்டு.
பௌல்டு இருநூற்று எழுபத்தொன்று,
கேட்ச் நூற்று முப்பத்திரண்டு,
எல்.பி.டபிள்யூ. ஒன்பது.
அந்த ஒன்பதும்
அம்பயராக நிற்கும் சப்-கலெக்டர்
காய்ச்சலில் படுத்த ஒரு மாசியில்.
மற்ற நாளில் கால்காப்பில் பட்டால்
அவன் கேட்பதையே விட்டிருந்தான்,
திரும்பி நடப்பான், ஏழு எட்டு.

இருபத்தொன்பதில்
நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கொதிகலன் பார்க்க
வந்து சேர்ந்தார் ஆக்ராய்டு.
சீமையில் ஒரு கவுண்டிக்குப்
பதினோரு கோடை கூலிக்குப் பந்து வீசியவர்.
தேநீர் வேளையில் என் மேசைக்கு வந்து
நோட்டின்மேல் விரலை ஓட்டினார்.
ஆள்காட்டி விரல் நுனியில் பழைய வெடிப்பு.
சவரிக்கும் அதே இடத்தில் உண்டு.

மிஸ்டர் ஜே. ஃபாரன்ட். மிஸ்டர் டி. எல். போவன்.
சவரி.

"எங்கள் ஊரிலும் இந்தக் கதைதான்.
கனவான்களுக்கு இனிஷியல் முன்னால்,
சம்பளக்காரனுக்குப் பின்னால்.
மைதானத்துக்குள் வரும் வாசல்கூட வேறு.
இந்த ஆளுக்குப் பின்னாலும் ஒன்று இல்லையா?"

பத்து சீசன் எழுதிய பெயர்.
எனக்குத் தெரியவில்லை.
வேப்பமரத்தடியில்
பீடி பற்றவைத்தவனிடம் போய்க் கேட்டேன்.
"எம். அப்பா பேரு மரியதாஸ்.
எதுக்கு சார், கேஸ் ஏதாச்சும்?"

அடுத்த ஞாயிறு எழுதினேன்:
எம். சவரிராயன்.
கிளப் காரியதரிசி, வக்கீல் ராமபத்திரய்யர்,
சிவப்பு மையால் எம்மை மட்டும் அடித்தார்.
கோபமாக ஒன்றும் சொல்லவில்லை.
பிஸ்கட் கணக்குக் கேட்டார்.
கொடுத்தேன்.

ஆனால் மெய்டன் விழுந்தால்
ஆறு புள்ளியையும் கோடிழுத்துச் சேர்ப்பது
ஸ்கோரர்களின் வழக்கம்.
சேர்த்தால் எம்.
அதை அடிக்க எந்த வக்கீலுக்கும் பாயிண்ட் இல்லை.
அதே ஓவரில் விக்கெட்டும் விழுந்தால்
எம் தலைகீழாகும்.
மரியதாஸ் கையூன்றிக் காலை மேலே நீட்டி
கட்டத்துக்குள் நிற்பார்.

இருபத்தொன்பதிலிருந்து
முந்நூற்றுச் சொச்சம் தடவை.
அவனுக்குத் தெரியாது.
சொல்லியிருக்கலாம்.
சர்க்கார் சம்பளத்தோடு
இந்தக் கூச்சத்தையும் மாதாமாதம் வாங்கினேன்.

முப்பத்தொன்பது மாசி.
அடுத்த யுத்தத்துக்கு இன்னும் ஆறு மாதம்.
கடைசி ஓவர் என்று யாரும் அறிவிக்கவில்லை,
கணுக்கால்தான் தீர்மானித்திருந்தது.
புள்ளி. புள்ளி. புள்ளி. புள்ளி.
ஐந்தாவதைக் காலேஜ் பையன் ஒருவன்
கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினான்.
பந்து கிணற்றடியில் துணி துவைத்தவளின்
வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றது.
ஆறாவது, ஈரப் பந்து, புள்ளி.

துறையில் கப்பல் காத்திருந்தது.
சட்டையை மாட்டிக்கொண்டே
முதல் தடவையாக என் மேசைக்கு வந்தான்.
"எத்தனை சார்?"

பென்சில் இன்னும் அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்தது.

"நாலு" என்றேன்.